வீட்டுக் குளத்துல தண்ணி மாத்த மாத்த ஏன் பச்சையாகுது

நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடுறேன். மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி 20 அடிக்கு 12 அடி, 4 அடி ஆழத்துல ஒரு குளம், பக்கம் எல்லாம் வெட்டுக்கல் கட்டு, அடி மண்ணு. போன வருஷம் கட்லா, ரோகு கலந்து 150 குஞ்சு விட்டிருக்கீங்க, அதுக்கு மேல பிள்ளைங்க ஆசைக்குக் கொஞ்சம் கோய் (கலர் கெண்டை). சித்திரையில இருந்து மூணு தடவை மோட்டார் வச்சு மொத்தத் தண்ணியையும் இறைச்சு மாத்தியாச்சு, பத்து நாள் தாங்கல, திரும்பவும் பச்சை, ஒரு கவுச்சி நாத்தம், விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ப்ளீச்சிங் பவுடர் போடலாமா, மாமி சொல்ற மாதிரி படிகாரம் போடலாமா, பில்டர் வாங்கணுமா, எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்தணும், பிள்ளைங்க இறங்கிக் குளிக்கலாமா. கேள்வி அஞ்சு இருக்கு, ஆனா எல்லாத்துக்கும் அடியில கிடக்குறது ஒண்ணுதான்: இவ்வளவு மாத்தியும் தண்ணி ஏன் மறுபடி கெடுது. அதுல இருந்து வர்றேன்.

நான் தூத்துக்குடியில மீன்வளம் படிச்சவன், 17 வருஷமா தோவாளையில இருந்து களியக்காவிளை வரைக்கும் வீட்டுக் குளமும் பண்ணைக்குட்டையும் பாத்துக்கிட்டு வர்றேன். நீங்க போட்ட ரெண்டு போட்டோவை வச்சு அம்மோனியா எவ்வளவுன்னு எவனாலயும் சொல்ல முடியாது, அதனால எது கணக்குப் போட்டாலே தெரியுறது, எது நீங்க டெஸ்ட் பண்ணிப் பாத்துதான் தெரியும், எது வெறும் நம்பிக்கைன்னு அங்கங்க பிரிச்சே சொல்றேன்.

கணக்குல இருந்து வருவோம். உங்க குளம் 960 கன அடி, லிட்டர்ல 27,000 சொச்சம். பரப்பு பாத்தா 22 சதுர மீட்டர், அதாவது அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல. காத்து மோட்டார் எதுவும் இல்லாத குளத்துல கட்லா, ரோகு மாதிரி கெண்டை விடுறதுக்கு நாங்க வச்சிருக்குற அளவு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு குஞ்சு, சென்ட்டுக்கு 40. அப்போ உங்க குளத்துக்கு 20, ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டா 25. நீங்க விட்டது 150. குஞ்சா இருக்கும்போது விரல் நீளம், ஒண்ணும் தெரியாது, கண்ணுக்குக் குளம் காலியாத்தான் இருக்கும், எல்லாரும் விழுற குழிதான் அது. இப்போ ஒவ்வொண்ணும் 200 கிராம் இருக்கும்னு வச்சுக்கிட்டாலே 30 கிலோ மீன் அதுக்குள்ள கிடக்கு. தினமும் அரைக் கிலோ தீவனம் போடுறதா எழுதியிருக்கீங்க. தீவனத்துல 30 சதவீதம் புரோட்டீன், அந்தப் புரோட்டீன்ல 16 சதவீதம் நைட்ரஜன், ஆக அரைக் கிலோவுல 24 கிராம் நைட்ரஜன். இதுல மீன் உடம்புல ஒட்டுறது கால்வாசியோ அதுக்குக் கொஞ்சம் மேலயோதான், மிச்சம் செவுள் வழியாவும் கழிவாவும் தண்ணிக்கே திரும்ப வருது, பெரும்பாலும் அம்மோனியாவா. குறைச்சு வச்சாலும் ஒரு நாளைக்கு 17 கிராம். நம்ம ஊர் பாஷையில சொன்னா தினமும் 35 கிராம் யூரியாவைக் கையில அள்ளி குளத்துல வீசுற மாதிரி. வாழைக்கு வச்சா குலை தள்ளும், குளத்துக்கு வச்சா பாசி தள்ளுது, அவ்வளவுதான் விஷயம்.

சரி, மொத்தமா மாத்தினா அந்த யூரியா எல்லாம் போயிருக்கணுமேன்னு தோணும். தண்ணியில கரைஞ்சது போயிருச்சு, சரிதான். ஆனா அடியில ஒரு சாண் கருப்புச் சேறு கிடக்குதுல்ல, அது போகல, அதுல இருந்து சத்து ஊறி மேல வந்துக்கிட்டே இருக்கும். அதை விடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. பச்சைத் தண்ணியை ஒரு கண்ணாடி டம்ளர்ல கோரி வெயிலுக்கு நேரா தூக்கிப் பாத்தீங்கன்னா வெள்ளையா தூசி மாதிரி ஏதோ துள்ளித் துள்ளிப் போகும், அது தண்ணிப்பூச்சி, பாசியைத் தின்னுற உயிர். அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா கல்லுலயும் சுவத்துலயும் வழவழன்னு ஒட்டியிருக்கும். நீங்க தண்ணியை இறைச்சு, வெட்டுக்கல்லை ப்ரஷ் போட்டுத் தேச்சும் கழுவியிருக்கீங்க, அந்த ரெண்டு படையையும் உங்க கையாலயே வெளிய அனுப்பிட்டீங்க. பாசிக்கு ஒரு நாள் போதும் ரெண்டு மடங்காக, தண்ணிப்பூச்சி திரும்ப வர வாரக்கணக்கு, பாக்டீரியாவுக்கு ஒரு மாசத்துக்கும் மேல. ஆக ஒவ்வொரு தடவையும் பாசிக்கு மட்டும் எதிரி இல்லாத புது மைதானம் கிடைக்குது, அதான் மூணாவது தடவை முதல் தடவையை விடச் சீக்கிரம் பச்சையாச்சு. அதை நீங்களே எழுதியிருக்கீங்க, காரணம் மட்டும் தண்ணி மேல போட்டுட்டீங்க.

இன்னொண்ணு, லேசான பச்சை கெட்டது கிடையாது. கையை நேரா குளத்துல விடுங்க, கைமுட்டி முங்குற வரைக்கும், உள்ளங்கையை மேல பாத்து விரிச்சுக்கோங்க. முட்டி தண்ணியில படும்போது உள்ளங்கை மங்கலா தெரிஞ்சா அந்தப் பச்சை அளவா இருக்குன்னு அர்த்தம். மணிக்கட்டு தாண்டினதுமே கை மறைஞ்சு போனா பாசி ரொம்ப ஜாஸ்தி. அடி வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சா அதுவும் கெண்டைக்கு நல்லதில்ல, சூரியன் அடி வரை இறங்கி இழைப்பாசி கட்ட ஆரம்பிக்கும். பகல்ல இந்தப் பச்சைதான் மீனுக்கு ஆக்சிஜன் குடுக்குது. ராத்திரி வெளிச்சம் இல்லாதப்ப அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும், மீனும் இழுக்கும், சேறும் இழுக்கும், அதனால விடியுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தண்ணியில ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். நம்ம ஊர்ச் சூட்டுல, 28 டிகிரி தண்ணியில, நிறைஞ்சு நின்னாலே லிட்டருக்கு 7.8 மில்லிகிராம்தான் கரையும், 3க்குக் கீழ போனா கெண்டை மேல வந்து வாய் பிளக்க ஆரம்பிச்சிடும். அஞ்சு மணிக்கு வாயைத் திறந்த மீன் எட்டு மணிக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி நீந்துதுன்னு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரியே போதும், இது ஆக்சிஜன் பிரச்சனைதான், நோய் கிடையாது. இதை நான் உறுதியாவே சொல்லுவேன். பகல் முழுக்க வாய் திறந்தே கிடந்தா அப்போ அம்மோனியாவையோ செவுளையோ சந்தேகப்படணும்.

ப்ளீச்சிங் பவுடருக்கு வர்றேன். மீன் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். குளோரின் 0.1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் நின்னாலே செவுளு வெந்துபோகும். கிணத்துக்குப் போடுறோமேன்னு கேப்பீங்க, கிணத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு ரெண்டரை கிராம் போடுறோம், ஆனா கிணத்துல கட்லா இல்லையே. மீனையெல்லாம் எடுத்து, குளம் வத்தி, சேறு அள்ளின பிறகு சுத்தம் பண்ணுறதுக்குன்னா போடலாம், நல்ல வெயில்ல சில நாள் கிடந்தா போயிடும்.

படிகாரமும், பாசிக்கு அடிக்கிற துரிசும் (காப்பர் சல்பேட்), இது ரெண்டுலதான் நம்ம மாவட்டக்காரங்க ரொம்பக் கவனமா இருக்கணும், இதைக் கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க. கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண்ணும் வெட்டுக்கல்லும், வருஷத்துல ரெண்டு மழை, இடவப்பாதியும் ஐப்பசி மழையும் மாறி மாறிக் கழுவி மண்ணுல சுண்ணாம்புச் சத்தே நிக்காது. அதனால இந்தப் பக்கத்துக் கிணத்து வெள்ளம் (எங்க வீட்டுல இப்பவும் தண்ணியை வெள்ளம்னுதான் சொல்லுவோம்) ரொம்ப மெல்லிசு, சோப்பு ஒரு தடவை தேச்சா நுரை அடங்காது, பிஎச் (புளிப்பு-கார அளவு, 7க்குக் கீழ புளிப்பு) 6 பக்கத்துலயோ அதுக்குக் கீழயோ நிக்கும். கடக்கரைப் பக்கம், அகஸ்தீஸ்வரம் பக்கம் போனா அதுக்கு நேர் எதிர், உப்பும் கடினமும். தண்ணியில இருக்குற இந்தச் சுண்ணாம்புத் தாங்குசக்தியை ஆல்கலினிட்டின்னு சொல்லுவோம், குளத்துக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராமாவது இருக்கணும், 100 இருந்தா நிம்மதி. உங்க பக்கம் நான் பாத்த கிணறு பலதுல 15, 20தான். வேற ஊர்க்காரன் வீடியோல சொல்ற அளவை அப்படியே நம்ம குளத்துல போட்டா அங்க ஒண்ணும் ஆகாதது இங்க சாவுல முடியும், காரணம் இதுதான்.

படிகாரம் 1 மில்லிகிராம் போட்டா ஆல்கலினிட்டில அரை மில்லிகிராமைத் தின்னும். கலங்கலுக்குச் சாதாரணமா போடுறது லிட்டருக்கு 25 மில்லிகிராம், அது 12ஐத் தின்னுடும். உங்ககிட்ட இருக்குறதே 15ன்னா மிச்சம் என்ன இருக்கு, பிஎச் சரிஞ்சு மறுநாள் மீன் மிதக்கும். தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிருக்கும், அது உண்மை, அதுல மீன் இருக்காது. அதுக்கும் மேல படிகாரம் களிமண் கலங்கலுக்கான மருந்து, பாசிக்கு அது சரியான மருந்தே கிடையாது.

துரிசுல நான் பட்டதைச் சொல்றேன். படிச்சு முடிச்சு வந்த புதுசு, குலசேகரம் பக்கம் ஒருத்தர் குளம், தண்ணி முழுக்க இழைப்பாசி. புத்தகத்துல பாத்த அளவை, 1 பிபிஎம், தராசுல நிறுத்து, வாளியில கரைச்சு, நானே சுத்தி நடந்து தெளிச்சேன். ஆல்கலினிட்டியை அளக்கவே இல்ல, அந்தப் பக்கத்தைப் புரட்டாம விட்டது நான். மறுநாள் விடியுறதுக்குள்ள போன் வந்துச்சு. போய்ப் பாத்தா கரையோரம் முழுக்க வெள்ளை வயிறு, அந்த அண்ணன் ஒரு வார்த்தை திட்டல, வலையை எடுத்துக்கிட்டு வந்து பேசாம வாரிக் குமிச்சாரு, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. ஆல்கலினிட்டியை 100ஆல வகுத்து வர்ற பிபிஎம்தான் துரிசோட உச்ச அளவு, 50க்குக் கீழ இருந்தா துரிசைத் தொடவே கூடாது. அந்தக் குளத்துல பிறகு அளந்தப்ப 18. நான் போட்டது தாங்குற அளவை விட அஞ்சு மடங்கு. இதுல இன்னொரு கோணம் இருக்கு, நம்ம பக்கம் ரப்பருக்கு மழைக்கு முன்னாடி இலை உதிர்வு நோய்க்கு போர்டோ கலவை அடிப்பாங்க, அதுலயும் துரிசுதான். உங்க குளத்துக்கு மேட்டுப் பக்கம் அடுத்தவர் ரப்பர் விளை இருக்குறதா சொன்னீங்க, அவங்க எப்ப அடிக்கிறாங்கன்னு முன்கூட்டிக் கேட்டு வச்சுக்கோங்க, அடிச்ச பிறகு வர்ற முதல் மழை வெள்ளம் உங்க குளத்துல இறங்கக் கூடாது.

சுண்ணாம்புதான் உங்களுக்குத் தேவையானது, ஆனா எந்தச் சுண்ணாம்புன்னு பாத்து வாங்கணும். வெள்ளையடிக்கிற நீத்த சுண்ணாம்பும், தண்ணி பட்டா கொதிக்கிற சுட்ட சுண்ணாம்பும் குளம் காஞ்சு கிடக்கும்போது அடியில தூவுறதுக்கு. மீன் இருக்கும்போது உரக்கடையில கிடைக்கிற விவசாயச் சுண்ணாம்பு, இல்ல டோலமைட், ரெண்டுல ஒண்ணு. சென்ட்டுக்கு ஒரு கிலோ கணக்கு, உங்களுக்கு அரைக் கிலோ, வாளியில கரைச்சுக் காலையில பரவலா தெளிக்கணும். இது முழுக்கக் கரைஞ்சா ஆல்கலினிட்டி ஒரு 18 ஏறும், அதனால ரெண்டு வாரம் விட்டு அளந்து பாத்து ரெண்டாவது, தேவைப்பட்டா மூணாவது தடவை. அவசரத்துக்கு நீத்த சுண்ணாம்பை அள்ளிப் போட்டா என்ன ஆகும்னா பிஎச் ஒரேயடியா 9க்கு மேல எகிறும். அம்மோனியாவோட விஷம் பிஎச்சைப் பொறுத்தது, பிஎச் 7ல இருக்குறப்ப நூத்துல ஒரு பங்கு கூட விஷ உருவத்துல இருக்காது, அதே அம்மோனியா பிஎச் 9ல நூத்துக்கு நாப்பது பங்கு விஷம். அம்மோனியா நிறைஞ்ச உங்க குளத்துல அது பெட்ரோல் பக்கத்துல தீக்குச்சி உரசுற வேலை. பாசி அதிகமான குளத்துல சாயங்காலம் மூணு மணிக்கு பிஎச் தானாவே ஏறியிருக்கும், அதனாலதான் காலையில போடச் சொல்றேன்.

நாத்தத்துக்கு வருவோம். கவுச்சின்னா பாசியும் மீன் கழிவும். அடிச்சேத்தை ஒரு கம்பால கிளறினா குமிழ் வந்து அழுகின முட்டை மாதிரி, கதம்பை ஊறப்போட்ட குழி மாதிரி நாறினா அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு அம்மோனியாவை விடக் கொடுமை. மீன் இருக்கும்போது இறங்கி மிதிச்சுக் கிளறாதீங்க. ஓரமா ஒரு மூலையில குழாய் வச்சு கொஞ்சம் கொஞ்சமா சேறை உறிஞ்சி தென்னை மூட்டுக்கு விடலாம், அந்தச் சேறு நல்ல உரம், மட்டி வாழைக்கு வச்சுப் பாருங்க. முழுசா அள்ளுறது பங்குனியில, மீனை எடுத்த பிறகு, அடி வெடிக்கிற அளவுக்கு வெயில்ல காயவிட்டு. பெரிய குளத்துல நம்ம பெரியவங்க செஞ்ச தூர்வாருறதும் இதேதான், அளவு மட்டும் சின்னது.

அதுக்கு முன்னாடி சேறு எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். மீன் கழிவு பாதி, மிச்சம் இலை. ரப்பர் இலை டிசம்பர் கடைசியில தொடங்கி பிப்ரவரி வரை கொட்டும், காத்து உங்க பக்கம் அடிச்சா அந்த ரெண்டு மாசம் மட்டுமாவது நைலான் வலை கட்டிடுங்க, மத்த நாள்ல தினமும் ஒரு வலைக்கூடையால மேல மிதக்குறதை அள்ளினா போதும், இலை முங்கினதுக்கு அப்புறம் அள்ளுறது பத்து மடங்கு வேலை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல ஒரே ராத்திரியில மரமும் இலையும் குளத்துல வந்து விழுந்ததே, ஒரு வாரத்துல கட்டன் காப்பி நிறத்துல ஆகி மீன் செத்த குளம் எத்தனையோ நான் பாத்தேன், ஒரு துளி சாக்கடை கலக்காமலேயே. இலை மட்டுமே அதைச் செய்யும்.

வெளிய இருந்து வர்ற வெள்ளம் அடுத்தது. உங்க போட்டோல குளத்துக்கு மேல துணி அலக்குற கல்லு தெரியுது, அந்தச் சோப்பு வெள்ளம் எங்க போகுதுன்னு அடுத்த தடவை துணி அலக்கும்போது கூடவே நடந்து போய்ப் பாருங்க. ரப்பர் ஷீட் அடிக்கிற வீடா இருந்தா ரோலர் கழுவுற வெள்ளமும் அப்படித்தான், பாலு உறைய ஃபார்மிக் ஆசிட் விடுறோம், அந்தக் கழிவு ஏற்கெனவே மெல்லிசான தண்ணியோட பிஎச்சை இன்னும் இறக்கும், அதுல இருக்குற பால் மிச்சம் அழுகி ஆக்சிஜனையும் தின்னும். குளத்தைச் சுத்தி முக்கால் அடி, ஒரு அடி உயரத்துக்கு வரப்பு மாதிரி ஒண்ணு எழுப்பிட்டா முற்றத்து வெள்ளம் இறங்காது. நேரா வானத்துல இருந்து விழுற மழை மட்டும் போதும் குளத்துக்கு. இந்த வேலைக்கு ஒரு கொத்தனார், ரெண்டு நாள், அவ்வளவுதான் செலவு, ஆனா யாரும் செய்ய மாட்டாங்க, பில்டர்தான் வாங்குவாங்க.

பில்டர் பத்தியும் கேட்டீங்க. கோய் மட்டும் ஒரு பத்து வச்சு, அடி வரை தெரியணும்னா பில்டர் வேணும், அதுல சந்தேகமில்ல. ஆனா பில்டர் வேலை செய்யுறது அதுக்குள்ள இருக்குற பாக்டீரியாவாலதான், அது ஒட்டி வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுக்குள்ள தண்ணி தெளியலன்னு ஸ்பாஞ்சை எடுத்து குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில பளபளன்னு கழுவினா மறுபடி முதல்ல இருந்து. கழுவணும்னா குளத்துத் தண்ணியையே வாளியில எடுத்து அதுல ஒரு முக்கு முக்கி எடுங்க. யுவி லைட் பச்சைத் தண்ணியை நிஜமாவே தெளிய வைக்கும், கல்லுல ஒட்டுற இழைப்பாசியை ஒண்ணும் பண்ணாது, அம்மோனியாவையும் குறைக்காது. 150 கெண்டை கிடக்குற குளத்துக்கு வீட்டுப் பில்டர் வாங்கிப் போடுறது காசை இறைக்குறதுதான். அந்தக் காசுல ஒரு சின்ன காத்து மோட்டார் வாங்குங்க, ராத்திரி பத்து மணியில இருந்து காலை ஏழு மணி வரை ஓடினா போதும்.

செடி வைக்கலாம், அல்லியோ தாமரையோ தொட்டியில வச்சு இறக்குங்க, குளத்துப் பரப்புல மூணுல ஒரு பங்கு நிழல் விழுந்தா பாசி நல்லாவே அடங்கும். ஆகாயத்தாமரை வேண்டாம். நம்ம ஆளுங்க ஆகாயத்தாமரைன்னு சொல்றது பெரும்பாலும் ஊதாப்பூ பூக்குற வெங்காயத்தாமரையைத்தான், அது சத்தை உறிஞ்சும்ங்கறது வாஸ்தவம், ஆனா வாரா வாரம் பாதியை வாரி வெளிய போட்டாத்தான் அந்த உறிஞ்சினது வெளிய போகும், விட்டா ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்கு, மேல மூடி கீழ அழுகி இருக்குற ஆக்சிஜனும் போகும். சுசீந்திரம், தேரூர் பக்கம் பஸ்ல போறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, 2022ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்த குளம், அதையே இது மூடுதுன்னா உங்க அரை சென்ட் எம்மாத்திரம். புல்கெண்டை வாங்கி விட்டா பச்சை போயிடும்னு கடைக்காரர் சொல்லுவாரு, அது தின்னுறது செடியை, தண்ணியில கரைஞ்ச மாதிரி நிக்கிற பச்சையை அதால தின்ன முடியாது, தின்ன செடியையும் பாதி கழிவாத் திரும்பக் குடுக்கும்.

இனி சந்தேகமான சரக்கு. இஎம் கரைசல், வெல்லம் போட்டு ஊறவச்ச பாக்டீரியா, பாக்கெட்டுல வர்ற புரோபயாட்டிக், இதெல்லாம் வேலை செஞ்சதாச் சொல்ற ஆளுங்களும் உண்டு, நானும் ஊத்திப் பாத்திருக்கேன். சில குளத்துல சேறு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, சிலதுல ஒரு மாத்தமும் இல்ல. சிக்கல் என்னன்னா இதை ஊத்துற ஆளு அதே வாரத்துல தீவனத்தையும் குறைப்பாரு, பிறகு எது வேலை செஞ்சதுன்னு எப்படிப் பிரிக்கிறது? கெடுதல் இல்ல, ஆனா வெல்லம் அதிகமாப் போட்டா அந்த ராத்திரி ஆக்சிஜன் சரியும், அதை மறக்காதீங்க. கிணத்து அடியில நெல்லிப்பலகை போடுறது நம்ம பாட்டா காலத்துப் பழக்கம், தேத்தாங்கொட்டையைப் பானையில உரசுனா கலங்கல் படியுறதை நான் கண்ணால பாத்தது, ஆனா ரெண்டுமே குடிக்கிற வெள்ளத்துக்கு வந்த முறை, தினமும் தீவனம் விழுற 27,000 லிட்டருக்கு அதை நம்பி இருக்க முடியாது.

உங்க தண்ணி பாசியால பச்சையா, இல்ல களிமண்ணும் கலந்திருக்கான்னும் ஒரு சந்தேகம் எனக்கு, ரெண்டாவது போட்டோல ஒரு செம்மை தெரியுது. ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி எடுத்து ராத்திரி முழுக்க அசையாம ஜன்னல்ல வைங்க. காலையில அடியில மண்ணு படிஞ்சு மேல தெளிஞ்சிருந்தா மீன்தான் அடியைக் கிளறுது, எண்ணிக்கை குறைஞ்சாலே சரியாகும். படியாம அப்படியே செம்மையா நின்னா அது களி, சுண்ணாம்போ ஜிப்சமோ போட்டாத்தான் படியும். பச்சையாவே நின்னா பாசி.

பிள்ளைங்க குளிக்கிறது இப்போதைக்கு வேண்டாம். 4 அடி ஆழம்ங்கறதே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து, முதல்ல சுத்தி ஒரு வேலி. எலி நடமாட்டம் இருக்குற பின்கட்டு, மழைக்காலத்துல எலிக்காய்ச்சல் வர்ற இடம் நம்மது. பக்கத்துக் கேரளாவுல 2024ல மூளையைத் தாக்குற அமீபாக் காய்ச்சலுக்குப் பிள்ளைங்க பலியானதை நீங்களும் படிச்சிருப்பீங்க, அது குடிச்சா வர்றதில்ல, சூடான தேங்கின தண்ணி மூக்குக்குள்ள ஏறினா வர்றது, அபூர்வம்தான், ஆனா வந்தா பிழைக்கிறது கஷ்டம். நான் மீன் டாக்டர் கூட இல்ல, மனுஷன் விஷயத்துல இதுக்கு மேல நான் பேசக் கூடாது. குளத்துல குதிச்ச பிள்ளைக்கு அடுத்த சில நாள்ல காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்தா குளத்துல குளிச்சதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. கொசுவைப் பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், மீன் இருக்குற குளத்துல புழு தங்காது, டெங்குக் கொசு முட்டை போடுறது பக்கத்துல கிடக்குற சிரட்டையிலயும் ரப்பர் மரத்துல கட்டின கப்புலயும்தான். கொசுப்புழு தின்னும்னு கம்பூசியா கொண்டு வந்து விடாதீங்க, அது வெளிநாட்டு மீன், ஓடையில தப்பிப் போனா நம்ம மீன் குஞ்சையெல்லாம் தின்னும். தலையில வெள்ளைப் பொட்டோட மேலாப்புல நீந்துற முண்டக்கண்ணி நம்ம வாய்க்கால்லயே கிடைக்கும், அது நாலு போதும்.

ஆக இந்த வாரம் செய்ய வேண்டியது: தீவனத்தை மூணு நாள் முழுசா நிறுத்துங்க, கெண்டை பட்டினியில சாகாது. காலையில தண்ணியில அஞ்சுல ஒரு பங்கு, 5,000 லிட்டர் சொச்சம், அடியில இருந்து இறைச்சு விட்டு, கிணத்துத் தண்ணியை மேல இருந்து ஷவர் மாதிரி சிதற விட்டு நிரப்புங்க, கிணத்துத் தண்ணியில ஆக்சிஜன் கம்மி, காத்து பட்டு விழணும். வாரத்துக்கு ஒருக்கா இதே அளவு, மொத்தமா மாத்துறது இனி கிடையாது, சுவரைத் தேய்க்குறதும் கிடையாது. நாகர்கோவில்ல அலங்கார மீன் விக்கிற கடையில அம்மோனியா, பிஎச், ஆல்கலினிட்டி மூணுக்கும் கிட் கிடைக்கும், மூணையும் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாத்து இங்கேயே எழுதுங்க, சுண்ணாம்பு எத்தனை தடவைன்னு அதை வச்சுச் சொல்றேன். தீவனம் திரும்பத் தொடங்கும்போது பத்து நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான், மேகம் மூடின நாள்ல அதுவும் வேண்டாம்.

அப்புறம் மீன். 150ல 25 வச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுத்துடுங்க, 200 கிராம் கட்லா ரோகுவை வளக்க வாங்குறதுக்கு ஆளு இருக்கும், பக்கத்துல பெரிய குளம் குத்தகைக்கு எடுத்தவங்க யாரையாவது கேளுங்க. பிடிக்கிறதுக்கு முந்தின நாள் தீவனம் போடக் கூடாது, வயிறு காலியா இருந்தாத்தான் டிரம்முல போற தண்ணி கெடாது. விடியக்காலம் குளிரா இருக்கும்னு அஞ்சு மணிக்கு வலை போடாதீங்க, உங்க குளத்துல அந்த நேரம் மீன் ஏற்கெனவே மூச்சுக்கு முட்டிக்கிட்டு நிக்குது, எட்டு மணிக்கு மேல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பாதிப் பாதியா ரெண்டு நாள்ல பிடிங்க.